கம்பெனியிலிருந்து வந்தபடியே

எங்கள் நர்ஸ் யொஸ்பினாவின் உயரம் நான்கடி ஒன்பது அங்குலம். அரசாங்கம் அவருக்குக் கொடுத்த, காடுமேட்டில் ஓடும் டிரெயில் பைக்கின் சீட் தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி. ஏறி உட்கார்ந்தால் இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கும். இந்தச் சின்னக் கணக்கைப் போடத் தெரியாதவர்கள்தான் கீழே மாவட்ட அலுவலகத்தில் ஏ.சி. போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்று வருடம் மனு எழுதினார் அந்த அம்மா. எங்கள் ஊர் பாலந்தேயைச் சுற்றி ஒன்பது குக்கிராமங்கள். பிரசவம், தடுப்பூசி, காய்ச்சல், வெட்டுக்காயம் எல்லாவற்றுக்கும் அவர் ஒருத்திதான். மருந்துப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தே போவார். நான்காவது வருடம் பைக் வந்தது. நூற்றைம்பது சி.சி., வெள்ளை நிறம், டாங்கில் மாவட்ட முத்திரை, பக்கவாட்டில் சொத்து எண். கூடவே ஒரு காகிதமும் வந்தது. வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்தபடியே வைத்திருக்க வேண்டும், எந்த மாற்றமும் கூடாது, மீறினால் திரும்பப் பெறப்படும் என்று அதில் எழுதியிருந்தது. யொஸ்பினா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

கம்பெனி ஆள் எங்கள் ரோட்டைப் பார்த்திருக்கிறானா? டவுனிலிருந்து பாலந்தேவுக்கு எண்பது கிலோமீட்டர். காய்ந்திருந்தால் ஒரு பகல். மழை பெய்தால் இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள். சக்கரம் பாதி புதையும் களிமண், இடுப்பளவு ஆறு இரண்டு, நடுவில் பாறை. வருடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து அளந்துவிட்டுப் போகிறார்கள். அளந்த ரோடு அளந்தபடியே கிடக்கிறது.

நான் அந்த ரோட்டில் இருபது வருடமாக ஆளையும் அரிசியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் வருகிறவன். வண்டிகளைப் பழுது பார்ப்பதும் நான்தான். ஊருக்கு நான் அம்பே சுல்லே, சுல்லேயின் அப்பா. எங்கள் மலையில் மூத்த பிள்ளை பிறந்த அன்றோடு பெற்றவர்களின் சொந்தப் பெயர் போய்விடும். என் பெயரை என் பெண்டாட்டியே மறந்துவிட்டாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்பதை மட்டும் ஒருவரும் மறப்பதில்லை. ஸ்பானரை வீசி எறிந்துவிட்டு, அரை மணி கழித்து நானே புதருக்குள் குனிந்து தேடிக்கொண்டிருப்பேன்.

பைக் வந்த முதல் நாள் சுகாதார நிலையத்துக்கும் தேவாலயத்துக்கும் இடையில் யொஸ்பினா மூன்று முறை விழுந்தார். இருநூறு அடி தூரம்தான். மூன்றாவது முறை எழுந்து முட்டியில் மண்ணைத் தட்டிக்கொண்டே நேராக என் கொட்டகைக்கு வந்தார்.

"அம்பே சுல்லே, இதை என் உயரத்துக்குக் கொண்டு வர முடியுமா, இல்ல என்னை இதோட உயரத்துக்கு இழுத்து விட முடியுமா?"

"காகிதத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சீங்களா, இபு?" என்றேன். மரியாதைக்குரிய பெண்களை எங்கள் மலையில் இபு என்போம்.

"படிச்சேன். மரியோங்ல லின்சே ஆறு மாசம். காகிதமா போய் பிரசவம் பாக்கப் போகுது?"

லின்சே என்பவள் ரந்தேயின் மனைவி. ரந்தே எங்கள் பைக் கூட்டத்திலேயே சின்னவன், நல்ல கை. மரியோங் குக்கிராமம் அவன் வீடு, இங்கிருந்து ஏழு கிலோமீட்டர். தலைப்பிள்ளை. இதைக் கேட்டதும் அவனே வந்து என்னோடு உட்கார்ந்துவிட்டான்.

மூன்று நாள் வேலை. முதலில் சீட்டைப் பிரித்து நடுவில் நான்கு விரல் பருமனுக்குப் பஞ்சை அறுத்தேன். முன் ஷாக் குழாய்களைக் கிளாம்புக்குள் மேலே தள்ளி மூக்கை இறக்கினேன். பின் ஸ்ப்ரிங்கைத் தளர்த்தினேன். யொஸ்பினாவை உட்காரவைத்துப் பார்த்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் பட்டது. அது போதும். அடுத்தது ஏற்றம். பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்வட்டம், ஸ்ப்ராக்கெட், அதில் நாற்பத்து நான்கு பல் இருந்தது. கழற்றிவிட்டு ஐம்பத்திரண்டு பல் போட்டு, அதற்கேற்ப நீளச் செயின் மாட்டினேன். வேகம் போய்விடும், ஆனால் முதல் கியரில் எருமை மாதிரி இழுக்கும். எங்கள் ரோட்டில் வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காற்று இழுக்கும் வாயைச் சீட்டுக்கு அடியில் மேல்நோக்கித் திருப்பினேன், ஆற்றில் தண்ணீர் குடிக்காமல் இருக்க. எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு. வழுவழு டயருக்குப் பதில் சேற்றைக் கவ்வும் கட்டை டயர். கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாம் சாக்குக்குள் போயின. விழுந்தால் முதலில் உடைவது அவைதான். பின்னால் மருந்துப் பெட்டிக்கு ஒரு சட்டம்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது மூன்று. கிளட்ச் கேபிளோடு சேர்த்து இன்னொரு கேபிளை முன்கூட்டியே ஓட்டிக் கட்டிவிட்டேன். ஒன்று அறுந்தால் நுனியை மாற்றி மாட்டினால் போதும். சீட்டுக்கு அடியில் ஒரு உபரி லிவர். மூன்றாவதுதான் முக்கியம். கிளட்ச் லிவர், பிரேக் லிவர் இரண்டையும் ஹேண்டில்பாரோடு பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, உள்ளே பழைய டியூப் ரப்பரைச் சுற்றி, கை பலத்தில் திரும்பும் அளவுக்கு மட்டும் முறுக்கினேன். அப்படி வைத்தால் வண்டி விழும்போது லிவர் தரையில் பட்டுச் சுழன்றுவிடும். கம்பெனி முறுக்கியபடி விட்டால் முறிந்துவிடும். கிளட்ச் லிவர் முறிந்த வண்டி ஏற்றத்தில் வெறும் இரும்பு. எங்கள் கூட்டத்தில் லிவரை இறுக்கி வைத்த ஒரு வண்டியைக்கூடப் பார்க்க முடியாது.

நாங்கள் ரந்தேயைக் கிண்டலடித்துக்கொண்டே வேலை பார்த்தோம். "இன்னும் மூணு மாசத்துல உன் பேரு போயிடும்டா. பிள்ளைக்கு என்ன பேரு?" என்று கேட்டேன்.

"லின்சே சொல்ல மாட்டேங்கிறா."

"அப்ப நான் வெக்கிறேன். ஸ்ப்ராக்கெட். நீ அம்பே ஸ்ப்ராக்கெட்."

"பொம்பளப் பிள்ளையா இருந்தா?"

"அப்பவும் ஸ்ப்ராக்கெட்தான். வட்டமா அழகாத்தான் இருக்கும்."

அன்றிலிருந்து கூட்டத்தில் எல்லோரும் அவனை அம்பே ஸ்ப்ராக்கெட் என்றே கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான்.

யொஸ்பினா பழகிக்கொண்டார். வாரத்துக்கு நான்கு முறை விழுவார், எழுவார், லிவரைக் கையால் திருப்பி நேராக்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டு மாதத்தில் ஒன்பது ஊருக்கும் தடுப்பூசி போய்ச் சேர்ந்தது. அவர் வந்த நாளிலிருந்து நடக்காத காரியம் அது.

பிறகு வந்தார் பாக் ஹெர்மானுஸ். பாக் என்றால் ஐயா. மாவட்டத்தின் சொத்துப் பதிவு அதிகாரி. அரசாங்கப் பொருள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்துப் போக வந்தார். எப்படி வந்தார் தெரியுமா? ரந்தேயின் பைக்கில், பின்சீட்டில், இரண்டு கையாலும் ரந்தேயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தார். அந்த வண்டிக்கும் பின்னால் ஐம்பத்திரண்டு பல். அந்த வண்டியிலும் கண்ணாடி இல்லை, இண்டிகேட்டர் இல்லை. அதில் எண்பது கிலோமீட்டர் உயிரோடு வந்து இறங்கிய மனிதர், பேன்ட்டில் இருந்த சேற்றைக்கூடத் துடைக்காமல், யொஸ்பினாவின் வண்டியைச் சுற்றிவந்து உச்சுக்கொட்டினார்.

"இது அரசாங்கச் சொத்து. யாரு இதுல கை வெச்சது?"

"நான்தான்" என்றேன்.

"நீங்க கம்பெனி மெக்கானிக்கா?"

"இல்ல பாக். உங்களைக் கூட்டிட்டு வந்த வண்டியிலயும் நான்தான் கை வெச்சேன். நல்லா வந்துச்சா?"

ரந்தே அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஹெர்மானுஸ் சிரிக்கவில்லை. கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு தாளை எடுத்து வரிசையாக எழுதினார். சீட், முன் ஷாக், பின் ஸ்ப்ரிங், ஸ்ப்ராக்கெட், செயின், காற்று வாய், அடித்தகடு, கண்ணாடி, இண்டிகேட்டர், பெட்டிச் சட்டம், டயர். மொத்தம் பதினொன்று. அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருவதாகவும், அன்றைக்கு வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"இல்லன்னா?" என்று யொஸ்பினா கேட்டார்.

"வண்டியைத் திரும்ப எடுத்துக்கிறதைத் தவிர வேற வழியில்ல, இபு. இது என் சொந்த விருப்பம் இல்ல. தணிக்கையில என்னைத்தான் கேப்பாங்க."

"மறுபடியும் எனக்கு வண்டி கிடைக்க எத்தனை வருஷம் ஆகும்?"

"மனு எழுதுங்க" என்றார் அவர்.

மனு எழுதுங்கள். மூன்று வருடம் எழுதிய கையைப் பார்த்துச் சொன்னார். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அன்று ஸ்பானரை எறியவில்லை. அதைவிட மோசமானதைச் செய்தேன்.

அவர் போன மறுநாளே வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளினேன். அறுத்து வைத்திருந்த பஞ்சை ஒட்டிச் சீட்டை உயர்த்தினேன். ஷாக்கை ஏற்றினேன். நாற்பத்து நான்கு பல்லை மாட்டினேன். கண்ணாடி, இண்டிகேட்டர், வழுவழு டயர், எல்லாம் சாக்கிலிருந்து வெளியே வந்தன. அதோடு நிற்கவில்லை. கட்டியிருந்த உபரி கேபிளை உருவினேன், சீட்டுக்கு அடியில் இருந்த லிவரை எடுத்தேன். கடைசியில் இரண்டு லிவரின் கிளாம்பையும் பிரித்து, ரப்பரை உருவிப்போட்டு, கம்பெனிப் புத்தகத்தில் எவ்வளவு முறுக்கச் சொல்லியிருக்கிறதோ அவ்வளவும் முறுக்கினேன்.

யொஸ்பினா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "லிவர் அவரோட பட்டியல்ல இல்லையே, அம்பே சுல்லே."

"வந்தபடியேன்னா முழுசா வந்தபடியே."

"அது யாரு கண்ணுக்கும் தெரியாது. அதையாவது விட்டு வைக்கலாமில்ல?"

"இபு, வியாழக்கிழமை அந்த ஆளு வரட்டும். போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி, பாக், உங்க வண்டியை நீங்களே ஒரு தடவை மூணு எருமை ஏத்தத்துல ஓட்டிப் பாருங்கன்னு சொல்லப்போறேன். ஊரே நின்னு பாக்கும். விழணும். லிவர் உடையணும். தள்ளிக்கிட்டு இறங்கணும். அப்பத்தான் உறைக்கும்."

மூன்று எருமை ஏற்றம் மரியோங் போகும் வழியில் இரண்டாவது கிலோமீட்டரில் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் மூன்று எருமைகள் அங்கே சறுக்கி விழுந்து செத்தன.

"அவர் ஓட்ட மாட்டேன்னுட்டா?"

"ஓட்ட வெக்கிறேன். போட்டோ முடிஞ்ச மறுநாள் எல்லாத்தையும் பழையபடி மாட்டிக் குடுத்துடறேன். ஒரே நாள் வேலை."

யொஸ்பினா வண்டியில் ஏறப் பார்த்தார், கால் எட்டவில்லை. உருட்டிக்கொண்டே சுகாதார நிலையத்துக்குப் போனார். எனக்கு அன்று ராஜ திருப்தி. வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன். பட்டியலில் இருந்தது பதினொன்று, நான் பதினாலு செய்திருந்தேன்.

வியாழக்கிழமை ஹெர்மானுஸ் வரவில்லை. புதன்கிழமையே மழை பிடித்துக்கொண்டது. தேவாலயக் குன்றின் மேல் ஏறினால்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். யொஸ்பினா ஏறிப் பார்த்துவிட்டு வந்து செய்தியைக் காட்டினார். சாலை நிலைமை சரியில்லாததால் வர இயலவில்லை, அடுத்த வாரம் வருகிறேன், வண்டியை அப்படியே வைத்திருக்கவும்.

படித்துவிட்டு நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சாலை நிலைமை சரியில்லையாம். அந்தச் சாலைக்கென்று செய்த வண்டியை நாசமாக்கச் சொல்லிவிட்டு, அந்தச் சாலை சரியில்லை என்பதால் வர முடியவில்லையாம். நான் கத்திய கத்தலில் கொட்டகைக்கு வெளியே நின்ற கோழிகள் ஓடின.

"ஒரு வாரம் இப்படியே இருக்கணுமா? ஒண்ணு ரெண்டாவது பழையபடி மாத்துங்களேன்" என்றார் யொஸ்பினா.

"இருக்கட்டும் இபு. இப்ப விட்டா அவனுக்கு உறைக்காது."

பார்த்தீர்களா, அப்போது எனக்கு அவனுக்கு உறைப்பதுதான் முக்கியம். லின்சேவுக்கு நாள் நெருங்குகிறது என்று எனக்குத் தெரியும். கணக்குப்படி இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையே மழை விட்டது, வெள்ளிக்கிழமை நல்ல வெயில். இப்படி மழை விட்டால் ஊரில் ஓடும் வண்டி அத்தனையும் ஒன்றாகக் கீழே இறங்கும், அதுதான் எங்கள் வழக்கம். தனியாக எவனும் போக மாட்டான். ஒருவன் புதைந்தால் மற்றவன் கயிறு போட்டு இழுக்க வேண்டும். அன்று எட்டு வண்டி போனோம், காபிக்கொட்டை ஏற்றிக்கொண்டு. ஊரில் மிஞ்சிய பைக் ஒன்றே ஒன்று, யொஸ்பினாவின் வெள்ளை பைக்.

ராத்திரி டவுனில் காபியை இறக்கிவிட்டு அரிசி, உப்பு, பெட்ரோல் ஏற்றி, விடியுமுன்பே திரும்பினோம். ரந்தே அரிசி மூட்டைக்கு மேலே சிவப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒன்றைக் கவிழ்த்துக் கட்டியிருந்தான். பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டி. ஆற்றைக் கடக்கும்போது, "அம்பே ஸ்ப்ராக்கெட், வண்டி மூழ்கினா நீ அந்தத் தொட்டியில ஏறிக்கோ" என்று ஒருவன் கத்தினான். எண்பது கிலோமீட்டரும் அந்தத் தொட்டியை வைத்தே சிரித்துக்கொண்டு வந்தோம்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பாலந்தே வந்து சேர்ந்தோம். சுகாதார நிலையத்துக்கு எதிர்வீட்டு இந்தோ பத்தி, பத்தியின் அம்மா, எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "ரந்தே, மூட்டையை இறக்காத. போ. காலையில எட்டு மணிக்கு உங்க ஊர் ஆளு வந்துச்சு. லின்சேவுக்குப் பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. இபு அப்பவே வண்டியை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

ரந்தே கயிற்றை அறுத்து அரிசி மூட்டையைத் தள்ளிவிட்டு, தொட்டி மட்டும் ஒரு முடிச்சில் தொங்க, கிளம்பினான். நான் அவன் பின்னாலேயே போனேன். அந்த வெள்ளை வண்டியை எப்படி விட்டு வந்தேன் என்று எனக்குத் தெரியும்.

மூன்று எருமை ஏற்றத்தில், பாதி உயரத்தில், வெள்ளை பைக் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சேற்றில் நீளமாகச் சறுக்கிய தடம். அதற்கு மேலே சின்னச் சின்னக் காலடிகள் ஏறிப் போயிருந்தன. பின்சட்டம் இல்லாததால் மருந்துப் பெட்டியை அவர் முதுகில் கட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். கிளட்ச் லிவர் வேரோடு முறிந்து வெறும் நரம்பு மாதிரி கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது.

ரந்தே வண்டியை நிறுத்தினான். பைக் ஓட்டுகிறவன், அவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிளாம்பைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். அசையவில்லை.

"லிவரை யாரு முறுக்கினது?"

"நான்தான்."

"அந்தப் பட்டியல்ல இருந்துச்சா?"

"இல்ல" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் ஏறி உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பின்னால் சிவப்புத் தொட்டி ஆடிக்கொண்டே போயிற்று.

நான் மரியோங் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டிலிருந்து பெண்கள் அழும் சத்தம் கேட்டது. வாசலில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. குழந்தை கால் முதலில் வந்திருக்கிறது. தலை மாட்டிக்கொண்டது. திருப்பி எடுக்கத் தெரிந்த கை அந்த நேரத்தில் சேற்றில் நடந்துகொண்டிருந்தது. லின்சே பிழைத்துக்கொண்டாள், அதுவும் யொஸ்பினா வந்து ரத்தத்தை நிறுத்தியதால்தான். ஆண் குழந்தை. அழவே இல்லை.

யொஸ்பினா வீட்டுக்குப் பின்னால் மூங்கில் குழாயில் வரும் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். தலை முதல் கால் வரை காய்ந்த சேறு. இடது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. நான் போய் நின்றேன். வாய் தானாக வழக்கப்படி ஆரம்பித்தது.

"அந்த ஹெர்மானுஸ் பய மட்டும் கையில கிடைச்சான்னா..."

"அவரைப் பத்திப் பேசாதீங்க" என்றார் யொஸ்பினா.

"அவனாலதானே இபு..."

"அவரால சீட் உசந்துச்சு. அதனால விழுந்தேன். விழறது எனக்குப் புதுசா, அம்பே சுல்லே? வாரத்துக்கு நாலு தடவை விழுந்துக்கிட்டுத்தானே இருந்தேன். விழுந்தா எந்திரிச்சுப் போறதுக்குத்தான் நீங்க லிவரைத் தளர்த்தி வெச்சீங்க. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க." கையைத் தொடர்ந்து கழுவிக்கொண்டே இருந்தார். கையில் ஒன்றும் இல்லை. "அரை மணியில வந்திருக்கணும். மூணு மணி நேரம் ஆச்சு. நான் வாசப்படி ஏறும்போது லின்சே என்னைப் பார்த்து, வந்துட்டீங்களா இபுன்னு கேட்டா. நான் என்ன சொல்றது?"

அது ஹெர்மானுஸுக்கு நான் வைத்த பொறி. அதில் அந்த அம்மா விழுந்தார். அவரை நம்பிக் கிடந்தவள் விழுந்தாள். ஹெர்மானுஸ் அன்று டவுனில் தன் வீட்டில் சனிக்கிழமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். அவர்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், சாகும்வரை இருக்கும். ஆனால் அவர் எழுதிய தாளை நான் எத்தனை முறை படித்தாலும் அதில் லிவர் என்ற வார்த்தை இல்லை.

அடுத்த நாள் பிள்ளையை அடக்கம் செய்தார்கள். அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் வெள்ளை பைக்கைக் கயிறு கட்டி இழுத்துவந்தேன். பதினாலையும் திரும்பச் செய்தேன். ஒருவரிடமும் கேட்கவில்லை, ஒளிக்கவும் இல்லை. ஐம்பத்திரண்டு பல்லுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தேன், தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று. முறிந்த லிவரைக் குப்பையில் போடப் போனேன். யொஸ்பினா கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

ஹெர்மானுஸ் வந்தது இரண்டு மாதம் கழித்து, ரோடு நன்றாகக் காய்ந்த பிறகு. மறுபடியும் ரந்தேயின் பின்சீட்டில்தான். வேறு யாராவது கூட்டி வருகிறீர்களா என்று ரந்தே கேட்கவில்லை, தானே போய் ஏற்றிக்கொண்டு வந்தான். எதற்கு என்று எங்களுக்குப் புரியவில்லை. கூட்டத்தில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுகாதார நிலைய வாசலில் வந்து நின்றோம்.

அவர் சிவப்பு ஸ்ப்ராக்கெட்டைப் பார்த்தார். பையைத் திறந்து பழைய தாளை எடுத்தார்.

"இபு, இது நாம பேசினபடி இல்லையே."

"பேசினபடி ஒன்பது நாள் இருந்துச்சு, பாக்" என்றார் யொஸ்பினா. "கம்பெனியிலிருந்து வந்த பாகம் ஒண்ணைப் பத்திரமா வெச்சிருக்கேன். உள்ள வந்து போட்டோ எடுத்துக்குங்க."

உள்ளே, தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில், முறிந்த லிவரைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தார். அடியில் ஒரு காகிதம். வண்டியின் சொத்து எண், தேதி, இடம் மூன்று எருமை ஏற்றம், நேரம் காலை எட்டேகால். அதற்குக் கீழே: ஆண் குழந்தை, எடை இரண்டு கிலோ எண்ணூறு.

ஹெர்மானுஸ் அதைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். போனை எடுக்கவில்லை. கையிலிருந்த பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒருவரும் அவருக்கு உதவவில்லை. எங்கள் கூட்டத்து ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், இவன் இப்போது ஆரம்பிப்பான் என்று. எனக்கு அந்தக் காகிதத்தில் என் பெயரும் இருக்க வேண்டும் என்று தோன்றியது. யொஸ்பினா அதை எழுதவில்லை.

கடைசியில் அவர் வெளியே வந்தார். திரும்பிப் போக வேண்டுமே. பயணச் செலவு ரசீதை எடுத்து, பேனாவைத் திறந்தார். அவரும் இந்த மலையில் பிறந்தவர்தான், மரியாதை தெரிந்தவர். கல்யாணமான ஒருவனிடம் எப்படிப் பெயர் கேட்க வேண்டுமோ அப்படியே ரந்தேயிடம் கேட்டார்.

"ரசீதுல பேரு எழுதணும். நீங்க அம்பே யாரு?"

ரந்தே வண்டியைக் கிளப்பத் தயாராக நின்றிருந்தான். கிளட்ச் லிவரைக் கையால் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான். அது தளர்வாகத் திரும்பியது.

"யாரும் இல்ல, பாக்" என்றான். "ரந்தேன்னே எழுதுங்க."